மைனஸ் தொண்ணூற்றாறு நிமிடம்

நவம்பர் 14, வியாழன்

கடைசிப் பெட்டியையும் இன்று மாட்டியாயிற்று. ஔலுவில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில், காருக்கு மின்சாரம் தரும் பன்னிரண்டு கம்பங்கள். பதினொன்றில் என் பெட்டி. மூன்றாம் எண்ணில் மட்டும் சூடேற்றியை முடுக்கும் பழைய முள் கடிகாரம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது இல்போவின் இடம். இல்போ குடியிருப்புச் சங்கத் தலைவர். வரி அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவர், எதையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம்தான் காலை வணக்கம் சொல்வார்.

"என் கடிகாரம் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்மா. காதை வச்சா டிக் டிக்னு கேக்குது. உன் பெட்டி உள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றேன். என்ன ஒரு தெனாவெட்டு.

கடுங்குளிரில் சூடேற்றாத இன்ஜின் கிளம்பாது. பெட்டியின் வேலை எளிது. ராத்திரி காரின் ஒயரைக் கம்பத்தில் செருகிவிட்டு, காலையில் கிளம்பும் நேரத்தைத் திருகி வைத்துவிட்டால் போதும். வெளியே எவ்வளவு குளிர் என்று பெட்டியே பார்த்து, இன்ஜினை எத்தனை நிமிடம் முன்பாகச் சூடேற்ற வேண்டும் என்று முடிவு செய்யும். ஐந்திலிருந்து வெப்பநிலையைக் கழி, மிச்சத்தை ஐந்தால் பெருக்கு, அத்தனை நிமிடம். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதற்கு ஒரு மேக்ரோ எழுதியிருக்கிறேன், அதாவது கணக்குக்கு ஒரு செல்லப்பெயர். பெயரை எழுதும் இடத்திலெல்லாம், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் முழுக் கணக்கையும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதும் ஒரு முணுமுணுப்பு: விடை பெரியது, அதை வைக்கிற இடம் சின்னது, எண் சிதையலாம் என்று. மேக்ரோவின் முன்னால் ஒரு வகைமாற்றம் போட்டேன். எட்டு பிட் அளவுள்ள சின்ன எண்ணாகவே எடுத்துக்கொள், எனக்குத் தெரியும் என்று அர்த்தம். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

வீட்டு உறைபெட்டியில் லிங்கன்பெர்ரிப் பைகளுக்கு நடுவே வைத்துச் சோதித்தேன். மைனஸ் பதினெட்டு. நூற்றுப் பதினைந்து நிமிடம் என்றது. சரியான விடை.

கட்டடத்தின் சௌனா, அதாவது நீராவிக் குளியலறை, வியாழக்கிழமைகளில் எனக்கும் மேல்வீட்டு சைமிக்கும். சங்கக் கூட்டத்தில் பெட்டிக்காகக் கையைத் தூக்கி, இன்னும் நாலு பேரைத் தூக்க வைத்தவள் அவள்தான். சூட்டுக்கல் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ பண்ணதுன்னா சரியாத்தாண்டி இருக்கும்." அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு நாளாவது தின்னலாம்.

எனக்குக் கார் கிடையாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பனியிலும் சைக்கிள்தான். கார் சூடேற்றும் நிபுணர்.

நவம்பர் 20, புதன்

தொழிற்கல்லூரியில் நான் எடுக்கும் நிரலாக்க வகுப்பு. "கம்பைலர் எச்சரித்தால் காரணத்தைத் தேடுங்கள், வகைமாற்றம் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள்" என்று மாணவர்களுக்குச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் அதை எழுதிக்கொண்டான். நன்றாகப் பாடம் எடுத்ததாக எனக்கே தோன்றியது.

டிசம்பர் 6, வெள்ளி

எங்கள் நாட்டின் சுதந்திர தினம். வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். வெளியே மைனஸ் பதினொன்று, கீழே பதினொரு கம்பத்திலும் பெட்டி விழித்திருப்பதைக் காட்டும் குட்டிச் சிவப்பு விளக்கு. மெழுகுவத்தியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குப்பைத் தொட்டியருகே இல்போ: "குளிரே இன்னும் வரலையே, அதுக்குள்ள என்ன பெருமை?"

பொறாமை, பாவம்.

ஜனவரி 8, புதன்

நாளை காலை மைனஸ் இருபத்தேழு என்கிறார்கள். வரட்டும். இதற்குத்தானே செய்தோம்.

ஜனவரி 9, வியாழன்

காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். ஒரு கார் முக்கியது, முனகியது, நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தால் கீழே ஒரு விளக்குகூட எரியவில்லை. மூன்றாம் எண்ணில் மட்டும் இல்போவின் கார் பானெட்டில் இருந்து லேசாக ஆவி. அவருக்கு நூலகம் திறக்கும் வரை எங்கேயும் போகிற வேலை இல்லை, ஆனாலும் சூடாக இருக்கிறது.

இரவுச் சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். சைமி ஏழாம் எண்ணில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு வீடாகப் போகும் நர்ஸ். காலைச் சுற்றில் ஐந்து வயசாளிகளுக்கு இன்சுலின். ஊசி போட்டால்தான் அவர்கள் சாப்பிட முடியும். வண்டி பழைய டீசல். மூச்சுக்கூட விடவில்லை.

"டாக்ஸி சொல்லிட்டேன். நாப்பது நிமிஷம் ஆகுமாம். ஊரே கூப்பிடுது."

"சைமி, நான்..."

"இப்ப வேணாம், உல்பு."

திட்டியிருக்கலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

நான் என்ன பண்ணேன்? எங்க தப்பு? உறைபெட்டியில சரியா ஓடுச்சே. டிசம்பர் பூரா ஓடுச்சே. ஐயோ, அந்த வயசாளிங்க.

அதே நாள், சாயங்காலம்

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கவே தேவைப்படவில்லை. காபி ஆறுவதற்குள் பென்சிலால் கண்டுபிடிக்கலாம். அதுதான் கேவலம்.

மைனஸ் இருபத்தேழு. ஐந்திலிருந்து கழித்தால் முப்பத்திரண்டு. ஐந்தால் பெருக்கினால் நூற்று அறுபது நிமிடம். எட்டு பிட் எண்ணில், கூட்டல் கழித்தல் குறிக்கும் இடம் விட்டால், நூற்றிருபத்தேழு வரைதான் இடம். அதற்கு மேல் ஒன்று ஏறினாலும் மேலே போகாது, நேராக மைனஸ் நூற்றிருபத்தெட்டில் போய் விழும். நூற்று அறுபது என்பது மைனஸ் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. மைனஸ் தொண்ணூற்றாறு நிமிடம் சூடேற்று என்றால் பெட்டி என்ன செய்யும்? வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டது.

மைனஸ் இருபது வரை ஒழுங்காக ஓடும். இருபத்தொன்றில் குப்புற விழும். குளிர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதியாக வேலை செய்யாத சூடேற்றும் பெட்டி. இதைச் செய்ய ஒருவருக்குத் தனித் திறமை வேண்டும்.

ஏன் எட்டு பிட்? வெப்பநிலைக்கு அது தாராளம் என்று வைத்தேன். ஔலுவில் மைனஸ் நூற்றிருபத்தெட்டு வந்தால் காரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டேகூட வைத்தேன். வெப்பநிலையை எண்ணிப் பார்த்தவள் நிமிடத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கம்பைலர் பார்த்தது. சொன்னது. இந்தக் கட்டடத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஜீவன் அது, அதன் வாயைத்தான் அடைத்தேன்.

அப்புறம் உறைபெட்டி. வடக்கே பிறந்து வளர்ந்தவள், குளிர் என்றால் லிங்கன்பெர்ரிக்குப் போதுமான குளிர் என்று நினைத்திருக்கிறேன்.

சைமியின் வாசலுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. நான்கு பேருக்கு வேறு நர்ஸ் போயிருக்கிறாள். ஐந்தாவது ஆள் ஊனோ என்று ஒரு கிழவர், ஊருக்கு வெளியே தனியாக இருப்பவர். சொன்ன டாக்ஸியும் தாமதமாகி, அவரிடம் இவள் போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது.

"கஞ்சியை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஆறிப் போயிருந்துச்சு. ஊசி போடாம தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். கரண்டியைக் கையில பிடிச்சிருக்காரு, ஆனா தொடலை. நல்லாத்தான் இருக்காரு. உனக்குத் தெரியணும்னு சொன்னேன், அவ்வளவுதான்."

கதவைச் சாத்தப் போனவள் திரும்பி: "நீ சொன்னேன்னுதாண்டி செருகினேன்."

இன்று சௌனாவுக்கு இருவரும் போகவில்லை.

ஜனவரி 11, சனி

மேக்ரோவில் எட்டைப் பதினாறு ஆக்கினேன். ஒரே ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. பதினொரு கம்பத்தையும் திறந்து, மடிக்கணினியில் இருந்து ஏற்ற வேண்டும். கம்பத்தின் சாவி இல்போவிடம்.

மைனஸ் இருபத்து மூன்று. இரண்டாவது கம்பத்திலேயே கணினி குளிர் தாங்காமல் அணைந்துபோனது. இல்போ அதை வாங்கித் தன் கோட்டுக்குள் விட்டு பொத்தான் போட்டுக்கொண்டார். ஒயர் மட்டும் கழுத்து வழியாக வெளியே வந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஒயரைச் செருகி, "அசையாதீங்க" என்றேன். மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து ஒரு குடும்பமே பார்த்தது.

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"வரி ஆபீஸ்ல மைனஸ்ல ஒரு கணக்கு வந்தா உடனே நிமிர்ந்து உக்காருவோம். உன் பெட்டி படுத்துத் தூங்கிடுச்சு."

ஒயரை அடுத்த கம்பத்தில் செருகினேன். இருபது வருடமாக நிரல் எழுதுகிறேன்.

கடைசிக் கம்பத்தில்தான் சொன்னார், சைமி அவரிடம் இடத்தை மாற்றிக் கேட்டிருக்கிறாள். இனி மூன்றாம் எண்ணும் முள் கடிகாரமும் அவளுக்கு, ஏழும் என் பெட்டியும் இவருக்கு.

"நான் சரின்னுட்டேன். அவளுக்கு வேலை இருக்கு. எனக்கென்ன, நின்னாலும் ஓடினாலும் ஒண்ணுதான்."

பதினொரு பெட்டியிலும் சரிசெய்துவிட்டு வந்தேன். கை விறைத்ததா, வேறு ஏதாவதா, என் வீட்டுக் கதவில் சாவி போகவே மாட்டேன் என்றது.

ஜனவரி 16, வியாழன்

சௌனாவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் துண்டை மாட்டும் கொக்கி காலி. கல்லில் நானே தண்ணீர் ஊற்றி, நானே "போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் ஜன்னலில் இருந்து பார்த்தேன். சைமி வந்தாள், கையுறையைக் கழற்றினாள், பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைப் பிடுங்கினாள். முள் கடிகாரம் உள்ள கம்பம் அது. அதைக்கூட இப்போது நம்புவதில்லை. நான் கெடுத்தது அவள் இன்ஜினை மட்டும் இல்லை.

ஜனவரி 30, வியாழன்

தினமும் தொட்டுப் பார்க்கிறாள். நானும் தினமும் பார்க்கிறேன். யாருக்கு வேலை இல்லை என்று சொல்வது கஷ்டம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மைனஸ் இருபத்தைந்து. விடியும் முன்னே எழுந்து ஜன்னலில் நின்றேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. பதினொன்றும். உட்கார்ந்து காபி குடித்தேன். அழுதேன் என்று எழுத வேண்டாம், காபி சூடு.

அழைப்பு மணி. இல்போ, ரோமத் தொப்பியோடு.

"வண்டி சூடாத்தான் இருக்கு. ஆனா உன் பெட்டியோட குட்டித் திரையில சூடேத்தின நேரம் மைனஸ் நூத்தியாறு நிமிஷம்னு வருது. அப்ப அந்த நிமிஷத்தையெல்லாம் எனக்குத் திருப்பித் தருவியா?"

ஓடினேன். உண்மைதான். இன்ஜினுக்குப் போகும் கணக்கை மட்டும்தான் திருத்தியிருந்தேன். திரைக்குப் போகும் எண்ணுக்கு இன்னொரு மேக்ரோ, அதிலும் அதே எட்டு பிட் வாய்ப்பூட்டு. ஒன்றைத் திருத்தியதும் உலகம் திருந்திவிட்டது என்று நினைத்து மற்றதைத் தேடவே இல்லை. நூற்றைம்பது, மைனஸ் நூற்றாறு. இப்போது எனக்கு இது மனப்பாடம்.

"திருப்பிக் குடுத்தா எந்த வயசுல இருந்து கழிப்ப?" என்று படிக்கட்டில் ஏறும்போதும் கேட்டுக்கொண்டே போனார்.

பிப்ரவரி 6, வியாழன்

சைமி சௌனாவுக்கு வந்தாள்.

கதவு திறந்தது, கொக்கியில் துண்டை மாட்டினாள், மேல் படியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் ஊற்ற அகப்பையைத் தூக்கினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இல்போவுக்கு மைனஸ் நூத்தியாறு நிமிஷமாமே" என்றாள்.

"ஆமா."

"நேத்து குப்பை போடறப்ப என்கிட்ட சொல்றாரு, அந்த நிமிஷத்தைச் சேத்து வச்சு அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு செலவு பண்ணப் போறாராம்."

அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அகப்பைத் தண்ணீர் முழுக்க என் காலில்.

வெளியே உடம்புச் சூடு ஆற உட்கார்ந்தபோது கேட்டேன், திரும்ப ஏழாம் எண்ணுக்கு வருவாயா என்று. தலையை ஆட்டினாள், இல்லை என்று. "சிரிக்கிறது வேறடி. ஊனோ வேற."

சரிதான். ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றினால் எல்லாம் அப்படியே வந்துசேரும் என்று நினைக்கிறவள் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 12, புதன்

வகுப்பில் வகைமாற்றப் பாடம். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று ஆரம்பித்து முழுக்கதையும் சொன்னேன். கோட்டுக்குள் கணினி உட்பட.

பின்வரிசைப் பையன்: "அந்த ஒருத்தர் உங்க பில்டிங்லயா இருக்காங்க?"

"ஆமாம்," என்றேன். "எந்த மாடி?" என்றான். இடைவேளை விட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பெட்டிகளை வைப்பதா, கழற்றிவிட்டுப் பழைய கடிகாரங்களை மாட்டுவதா? கழற்றினால் இங்கே யார் முகத்திலும் நான் விழிக்க முடியாது, தெற்கே எஸ்போ நகரில் ஒருவர் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். நடந்ததை நானே சொன்னேன். அலங்காரம் இல்லாமல், எண்களோடு. யாரோ சைமியைப் பார்த்து, "நீங்கதானே கஷ்டப்பட்டீங்க, நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. "சரி பண்ணிட்டாளான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைக் குளிர்தான் சொல்லணும். இன்னொரு குளிர்காலம் இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று ஆயிற்று. இல்போ நடவடிக்கைக் குறிப்பில் 'நிபந்தனையோடு' என்று சேர்த்தார். என்ன நிபந்தனை என்று கேட்டேன். "தெரியல, ஆனா போட்டு வச்சா நல்லது."

அக்டோபர் 9, வியாழன்

மேக்ரோக்களைத் தூக்கி எறிந்துவிட்டேன். அந்தக் கணக்கு இப்போது ஒழுங்கான செயற்கூறு: என்ன வகை உள்ளே போகிறது, என்ன வகை வெளியே வருகிறது என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும். எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டேன். கம்பைலர் இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தது. பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றும் நியாயம்.

துறைமுகத்தில் மீன் உறையவைக்கும் கிடங்கில் கெஞ்சி அனுமதி வாங்கி, மைனஸ் முப்பத்தைந்தில் பெட்டியோடு உட்கார்ந்தேன். வெண்மீன் பெட்டிகளுக்கு நடுவே, போர்வையும் ஃபிளாஸ்கும் கையுமாக ஒரு நடுவயதுப் பெண்மணி. வேலையாட்கள் சுற்றிப் போனார்கள். இருநூறு நிமிடம் என்றது பெட்டி. நேரான, கூட்டல் குறியுள்ள இருநூறு. பக்கத்தில் இருந்த மீனிடம் காட்டினேன்.

நவம்பர் 24, திங்கள்

இல்போ படிக்கட்டில் நிறுத்தினார். "சைமி வந்து அவ இடத்தைத் திருப்பிக் கேட்டா. குடுத்துட்டேன்."

"ஏன்னு சொன்னாளா?"

"கேக்கல. கேட்கப் போயி அவ மனசை மாத்திக்கிட்டான்னா?"

டிசம்பர் 11, வியாழன்

இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக இருபதைத் தாண்டியது. மைனஸ் இருபத்து நான்கு. அலாரத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன். ஏழாம் எண்ணில் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் போதுமா? விளக்கை எரிய வைக்கிற வரியையும் நான்தானே எழுதினேன். காலில் வீட்டுச் செருப்போடே இறங்கி, அவள் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். பனிப்பூச்சுக்கு அடியில் இதமான சூடு. ஓடி வந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன், கள்ளி மாதிரி.

சைமி வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றவில்லை. ஒயரைப் பிடுங்கினாள், சுருட்டினாள், உட்கார்ந்தாள். வண்டி முதல் திருகலிலேயே எடுத்தது. போய்விட்டாள். தொட்டுப் பார்க்காமலே போய்விட்டாள். நாள் முழுவதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் சௌனாவில் சைமி, ஊனோ நன்றாக இருப்பதாகச் சொன்னாள். கஞ்சி சூடாகவே சாப்பிட்டாராம். அப்புறம் தண்ணீரைக் கல்லில் ஊற்றிவிட்டு, ஆவி அடங்கும் வரை காத்திருந்து சொன்னாள்:

"காலையில என் பானெட் பனியில ஒரு கை அச்சு. நம்ம வாசல்ல இருந்து வண்டி வரைக்கும் வீட்டுச் செருப்புத் தடம், திரும்பி வரவும் தடம்."

நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ தொட்டுட்டேல்ல. அப்புறம் நான் வேற எதுக்கு?"

நாளைக்கு மைனஸ் இருபத்தாறு என்கிறார்கள். இந்தத் தடவை பூட்ஸை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன்.